பதுக்கலும் கொள்ளை இலாபமும்: மதீனாச் சந்தையிலிருந்து மன்னார்க் கரை வரை



 



2022 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் திகதி நமது கடலைக் கடந்து 16 பேர் தமிழ்நாட்டின் தனுஷ்கோடிக் கரையை நாடிச் சென்றனர். மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் அவர்கள். அவர்களுள் கைக்குழந்தையும் இருந்தது. ஆறு பேர் நடுக்கடல் மணல்திட்டொன்றில் இறக்கிவிடப்பட்டுத் தவித்த நிலையில், இந்தியக் கரையோரக் காவற்படையினர் அவர்களை மீட்டனர். யுத்தம் ஓய்ந்து ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. அரிசியின் விலையும் பால்மாவின் விலையும் தொழில் இன்மையும் அவர்களைப் படகேற்றின. அவ்வாண்டு முடிவதற்குள் இவ்வாறு கடல் கடந்தோர் தொகை 200ஐத் தாண்டிற்று.

அந்தப் பஞ்சத்தின் வேர் வெகு ஆழமானது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. ஜூன் 27 ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்ற நிலை வந்தது. இவற்றை மன்னார்ப் பெட்டிக்கடைக்காரர் உண்டாக்கவில்லை. வரிசையில் நின்ற இளைஞரும் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய துன்பத்திற்குள் இன்னொரு சிறிய துன்பம் இருந்தது. அதை உண்டாக்கியவர்கள் நமது தெருக்களிலேயே இருந்தார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நடந்தது யாவரும் அறிந்ததே. இரவிரவாக வரிசையில் நின்று பெற்றோல் நிரப்பியவர் வீடு திரும்பித் தாங்கியிலிருந்து அதனை உறிஞ்சி எடுத்தார். மறுபடியும் வரிசைக்குச் சென்றார். எடுத்தது போத்தல்களில் அடைபட்டு, நிலையத்தின் விலையைப் போலப் பல மடங்குக்கு விற்பனையாயிற்று. சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று வாங்கியவர் உறவினரின் பெயரில் இன்னும் இரண்டு வாங்கி வைத்தார். மண்ணெண்ணெய் கான்கள் சில வீடுகளின் பின்புறத்தில் வரிசையாக நின்றபோது, பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் படகுகள் கரையில் நின்றன. இயந்திரம் பூட்டிய நம்முடைய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எண்ணெய் இல்லையேல் கடல் இல்லை, கடல் இல்லையேல் அன்று அடுப்பும் இல்லை.

இச்செயலுக்கு மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டா? உண்டு. மக்களுக்குத் தேவையான பொருளை விலையேறும் நோக்கில் தடுத்து வைப்பதனை ‘இஹ்திகார்’ என்று நமது கிதாபுகள் அழைக்கின்றன. அதனைச் செய்பவன் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள்.

ஆயினும், விலை உயர்வு வேறு, இஹ்திகார் வேறு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்கின்றோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒருமுறை பொருட்களின் விலை ஏறியது. எமக்கு விலை நிர்ணயித்துத் தாருங்கள் என மக்கள் வேண்டினர். நபியவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் உள்ளது, எவருடைய உடைமையிலும் அநியாயம் இழைத்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அனஸ் (ரழி) அவர்களின் வாயிலாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது வந்துள்ளது. மழை பொய்த்தாலோ, பொருள் குறைந்தாலோ, வாங்குவோர் பெருகினாலோ விலை ஏறும். வியாபாரி அதற்காகக் குற்றவாளியாக மாட்டான்.

அதே நபியவர்கள்தாம் சந்தைக்கு வரும் வழியில் சரக்கை மடக்குவதைத் தடுத்தார்கள். கிராமத்தவர் ஒட்டகங்களில் பொருள் ஏற்றி வருவர். நகரத்து வியாபாரி ஊருக்கு வெளியே சென்று, சந்தை நிலவரம் தெரியாத அவர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கி, உள்ளே கொண்டுவந்து தன் விலைக்கு விற்பான். இது தடுக்கப்பட்டது. நமது ஷாபிஈ மத்ஹபின்படி, அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்குண்டு. வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ என்பதும் தடுக்கப்பட்டது. ஆக, விலையைத் தொடாத நபியவர்கள், சந்தையை மறைப்பவனின் கையைப் பிடித்தார்கள்.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சி 634 முதல் 644 வரை. அவர்கள் இதனை இன்னும் தெளிவாக வகுத்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கின்றோம். கையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு, அல்லாஹ் நமது முற்றத்தில் இறக்கிய உணவை வாங்கிப் பதுக்குபவனுக்கு நமது சந்தையில் இடமில்லை என்பது அவர்களின் ஆணையின் சாரம். ஆனால் குளிரிலும் வெயிலிலும் முதுகு நோக வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டு வருபவரைத் தமது விருந்தாளி என்றார்கள். அவர் விரும்பியபடி விற்கலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்றார்கள். புத்தளத்திலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ லொறி பிடித்து, டயர் தேய்ந்து, டீசலுக்கு அலைந்து, மன்னாருக்கு மரக்கறி கொண்டு வந்தவர் கூடிய விலை சொன்னார் எனச் சிலர் அவரையும் பதுக்கல்காரர் என ஏசினர். அது நீதியன்று. அவர் ஊருக்குள் இல்லாததை ஊருக்குள் கொண்டு வந்தவர். மற்றவரோ ஊருக்குள் இருந்ததை ஊரின் கண்ணிலிருந்து எடுத்து வைத்தவர்.

இந்த வேறுபாட்டை நமது கடற்கரை நீண்ட காலமாக அறிந்திருந்தது. மாந்தைத் துறைமுகம் பண்டைக் காலத்திலேயே கடல் வணிகத்தின் சந்தியாக விளங்கிற்று. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை எனச் சொல்லப்படும் பெருக்க மரங்கள் இன்றும் நம் தீவில் நிற்கின்றன. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பார்கள். சலாபத்துறைதான் சிலாவத்துறை என மருவிற்று என்பர். அங்கும் மறிச்சுக்கட்டியிலும் ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு பட்டணமே எழுந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் முக்குளிப்போர் வந்தனர். 1905 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் மாத்திரம் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன.

அங்கு நடந்த முறையைக் கவனியுங்கள். கரைக்கு வந்த சிப்பிகள் அனைத்தும் வேலியடைத்த ‘கோட்டு’ என்னும் இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொட்டப்படும். மூன்று பங்காகப் பிரிக்கப்படும். ஒரு பங்கு முக்குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்திற்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக அன்று மாலையே பகிரங்க ஏலத்தில் விடப்படும். இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. சிப்பிக்குள் முத்து இருக்குமா இல்லையா என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. (தெரியாத பொருளை விற்பது பற்றி நமது பிக்ஹில் தனியாகவே பேசவேண்டும், இன்று அதற்குள் நான் இறங்கவில்லை.) அந்நிய ஆட்சி தன் வருமானத்திற்காகச் செய்த ஏற்பாடு அது, அதனைப் புகழ வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் எவ்வளவு சரக்கு வந்தது என்பது முழுக் கரைக்கும் தெரிந்திருந்தது. முத்து ஓர் ஆடம்பரப் பொருள். அதற்கே இவ்வளவு வெளிச்சம். மண்ணெண்ணெய் ஏழையின் பொருள். அது பௌசரில் எத்தனை லீற்றர் வந்தது, எவருக்குச் சென்றது என்பது 2022இல் வரிசையில் நின்ற எவருக்கும் தெரியவில்லை.

அரசாங்கங்கள் இதற்கு என்ன செய்தன என்பதையும் பார்ப்போம். 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி, இறக்குமதிச் சீனிக்கான விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் சீனியின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை, இடையிலுள்ளோர் இலாபமடைந்தனர். 2021 ஓகஸ்ட் 30 ஆம் திகதி பதுக்கலைத் தடுக்கவென அவசரகால ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. களஞ்சியங்கள் சோதனையிடப்பட்டுச் சீனி கைப்பற்றப்பட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் பொதியிடாத வெள்ளைச் சீனிக்கு 122 ரூபாவும் நாட்டரிசிக்கு 98 ரூபாவும் உச்ச விலையாக நிர்ணயிக்கப்பட்டன. என்ன நடந்தது? அந்த விலைக்கு அரிசியைத் தேடியவர்களுக்கு அரிசி கிடைக்கவில்லை. அம்மாதம் முடிவதற்குள்ளாகவே அரிசிக்கான உச்ச விலை நீக்கப்பட்டது. பொருள் மறைந்திருக்க விலையை மாத்திரம் எழுதி ஒட்டுவதால் பொருள் வெளியே வராது. ஹிஜ்ரி 728, அதாவது 1328இல் மரணித்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் சந்தைக் கண்காணிப்பைப் பற்றிய தமது நூலில் இதனை விளக்கியுள்ளார்கள். பொருள் குறைந்து விலை ஏறினால் வியாபாரியை வற்புறுத்துவது அநியாயம். மக்களின் தேவை கண்டு வியாபாரி தடுத்து வைத்தால் நியாயமான விலைக்கு விற்கும்படி அவனை நிர்ப்பந்திப்பதே நீதி என்பது அவர்களின் கருத்து.

மண்ணெண்ணெயின் கதை இதன் மறுபக்கம். பெற்றோலியக் கூட்டுத்தாபன நிலையங்களில் பெற்றோலின் விலை 2022 பெப்ரவரியில் 177 ரூபாவாக இருந்து ஜூன் 26 ஆம் திகதி 470 ரூபாவாகியபோதும், மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலேயே இருந்தது. ஏழைக்காகக் குறைத்து வைத்த விலை அது. அந்தக் குறைந்த விலையே பதுக்குபவனுக்கு வாசலாயிற்று. 87 ரூபாவுக்கு வாங்கியதை விற்கப் பல இடங்கள் இருந்தன. டீசலுடன் கலப்பதற்கும் அதனை வாங்கினார்கள். ஓகஸ்ட் 21 நள்ளிரவு விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பதுக்கியவன் தன் கானை விற்று முடித்துவிட்டான். ஒரு முறை கடலுக்குப் போக எண்ணெய்ச் செலவு ஏறத்தாழ நான்கு மடங்காகியது யாருக்கு? சிறு படகுக்காரனுக்கும் அவனது கூலியாட்களுக்கும்தான்.

இனி, இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகின்றேன். அது நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க இயலாது. “மௌலவி அவர்களே, நாம் ஷாபிஈ மத்ஹபினர். நமது கிதாபுகளில் இஹ்திகார் என்பது பிரதான உணவுப் பொருளுக்கு மாத்திரம் உரியது. விலையேறிய காலத்தில் உணவை வாங்கி, இன்னும் ஏறட்டும் எனத் தடுத்து வைப்பதே ஹராம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் உணவா?”

கிதாபில் உள்ளது உண்மை. அதைவிடவும் ஒரு செய்தி உண்டு. அந்த ஹதீஸை மஃமர் (ரழி) அவர்களிடமிருந்து கேட்டு அறிவித்தவர் தாபிஈன்களில் மூத்தவரான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்). நீங்களே சேமித்து வைக்கின்றீர்களே என்று அவரிடம் கேட்கப்பட்டது. மஃமரும் சேமித்து வைப்பவராகவே இருந்தார் என்று அவர் பதிலளித்தார். அவ்விருவரும் சேமித்தது எண்ணெய் என்று உலமாக்கள் விளக்குகின்றனர். எண்ணெய் என்றதும் நம் இளைஞர் சிலரின் முகம் மலரக்கூடும். பொறுங்கள், அது ஸைத்தூன் எண்ணெய். மக்களுக்கு நெருக்கடி இல்லாத காலத்தில், பிரதான உணவல்லாத பொருளைச் சேமிப்பது தடுக்கப்பட்டதன்று என அவர்கள் விளங்கியிருந்தார்கள் என்பதே அதன் விளக்கம்.

ஆனால் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவரான அபூயூஸுப் (ரஹ்) அவர்கள், எதனைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அதெல்லாம் இஹ்திகார்தான் என்றார்கள். நமது மத்ஹபின் தூணாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஸஹீஹின் விரிவுரையில், இத்தடையின் நோக்கம் பொதுமக்களைத் தீங்கிலிருந்து காப்பதே எனக் கூறுகின்றார்கள். ஒருவரிடம் உணவிருந்து, மக்கள் வேறு வழியின்றி அதனை நாடினால், அவரை விற்கும்படி நிர்ப்பந்திக்கலாம் என்பதில் உலமாக்கள் ஏகோபித்துள்ளதையும் அவ்விடத்திலேயே குறிப்பிடுகின்றார்கள். இமாம் நவவி வாழ்ந்த 13 ஆம் நூற்றாண்டின் டமஸ்கஸில் மீன் பிடிக்க மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை. ரொட்டி சுட எரிவாயுச் சிலிண்டர் தேவைப்படவில்லை. இன்றைக்கு அரிசி வீட்டில் இருந்தும் எரிவாயு இல்லையேல் சோறு இல்லை. உணவின் வாசலை அடைப்பவன், நான் உணவைத் தொடவில்லை என்று சொன்னால், அது சொல் அளவில் சரியாகலாம். எனது தாழ்மையான அபிப்பிராயத்தில் அந்தச் சொல் அவனைக் காப்பாற்றாது.

மற்றொரு வாதமும் உண்டு. “இரவெல்லாம் கண்விழித்து நின்றேன். எனது உழைப்புக்குக் கூலி இல்லையா?” கூலி உண்டு. நடக்க இயலாத அயலவர் தமது பணத்தையும் வாகன அட்டையையும் தந்து, எனக்காக நின்று எடுத்து வா எனச் சொல்லி, பேசிய கூலியைக் கொடுத்தால் அது தூய ஹலால். அங்கே ஒருவரின் பங்கு அவரிடமே சேர்கின்றது. ஆனால் தனக்குத் தேவையில்லாத பங்கை எடுத்து, தனக்குப் பின்னால் நின்று வெறுங்கையுடன் திரும்பிய அதே மனிதனிடம் அதனைப் பல மடங்குக்கு விற்பது வேறு. அங்கே அவரது உழைப்பே அடுத்தவரை வெறுங்கையாக்கும் உழைப்பாக இருந்தது. 2022 ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என அளவு வகுக்கப்பட்டது. வரிசைகள் குறையத் தொடங்கின. அதுவரை வந்த எண்ணெயில் எவ்வளவு பங்கு, தேவையில்லாதவரின் போத்தலுக்குள் போயிருந்தது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. 2023 செப்டெம்பர் 1 முதல் அம்முறை நிறுத்தப்பட்டது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் மூன்று நாளில் சம்பாதித்ததைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்தபோது, “என் பிள்ளை கெட்டிக்காரன்” என்று மகிழ்ந்த வீடுகள் இருந்தன. அது எப்படி வந்தது என்று கேட்ட வீடுகளும் இருந்தன. அந்தக் கேள்வியை உம்மாவோ வாப்பாவோ கேட்காவிட்டால், ஜும்ஆ மேடையில் நான் கேட்டு என்ன பயன்?

நம்மைப் போன்ற வணிகச் சமூகத்திற்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கின்றது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் பல மாகாணங்களுக்கும் பரவியது; முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்குச் சமயக் காரணங்களும் அரசியற் காரணங்களும் இருந்தன. முதலாம் உலக யுத்தத்தால் விலைவாசி ஏறியிருந்தமையும், கரையோரச் சோனக வியாபாரிகள் மீது அதனால் எழுந்த வெறுப்பும் காரணங்களுள் அடங்கும் என ஆய்வாளர் குமாரி ஜயவர்தன போன்றோர் எழுதியுள்ளனர். யுத்தம் ஏற்றிய விலைக்கு ஒரு கிராமத்துக் கடைக்காரர் பொறுப்பல்லர். கடையை எரித்தவர்களுக்கு அது எவ்வகையிலும் நியாயமாகாது. ஆயினும் சிலர் செய்யும் பதுக்கல், செய்யாத பலரின் கதவைத் தட்டும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

இன்னொரு ஆண்டையும் மறந்துவிடலாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் மக்கள் படகுகளில் கல்பிட்டிக்குச் சென்று இறங்கினர். கையில் எதுவுமின்றி வந்தவர்களிடம் எந்தப் பொருளுக்கும் எந்த விலையும் சொல்லலாம். மறுக்க அவர்களால் இயலாது. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தமது வளவுகளையும் திறந்துவிட்டார்கள். நமது பிள்ளைகள் பலர் அங்குதான் பிறந்தார்கள். அப்படி உண்டு வளர்ந்த நமக்கு, 2022இல் தனுஷ்கோடிக்குப் படகேறியவர்களின் நிலை புரியாமல் போகக்கூடாது.

அப்போது சம்பாதித்த பணத்தை இப்போது என்ன செய்வது என்று சிலர் தனியாக வந்து கேட்டிருக்கின்றனர். பொதுவாக அந்த விற்பனை நமது மத்ஹபில் செல்லுபடியாகும். பாவமோ தனியாக நிற்கும். அதற்குத் தவ்பா வேண்டும். பொய் சொல்லியோ, கலப்படம் செய்தோ, அளவைக் குறைத்தோ விற்றிருந்தால் உரியவரைத் தேடிக் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு மேலும் மனம் உறுத்துபவர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு சம்பவத்தைத் தருகின்றார்கள்.

முன்னோரில் ஒருவர் ஈராக்கின் வாஸித் நகரில் இருந்தார். பஸராவுக்கு ஒரு படகு நிறையக் கோதுமை அனுப்பினார். படகு சேரும் அன்றே விற்றுவிடு, மறுநாளைக்கு வைக்காதே எனத் தம் முகவருக்கு எழுதினார். முகவர் போய்ச் சேர்ந்தபோது விலை மலிவாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்தால் பன்மடங்கு கிடைக்கும் என அங்கிருந்த வியாபாரிகள் சொன்னார்கள். அவரும் பொறுத்தார், பன்மடங்கு கிடைத்தது. மகிழ்ச்சியோடு முதலாளிக்கு அறிவித்தார். முதலாளி எழுதிய பதில் இதுதான்: மார்க்கம் பாதுகாப்பாக இருக்கச் சிறிய இலாபமே எனக்குப் போதுமாயிருந்தது, நீ அதற்கு மாறு செய்துவிட்டாய், இக்கடிதம் கிடைத்தவுடன் முதலையும் இலாபத்தையும் சேர்த்து முழுப் பணத்தையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு. அவ்வாறு கொடுத்தும் தமக்கு நன்மை எழுதப்படும் என அவர் எதிர்பார்க்கவில்லை. பதுக்கலின் பாவத்திலிருந்து, கூடுதலும் குறைவுமின்றித் தப்பினாலே போதும் என்று எழுதியிருந்தார். அவரது பெயரை இமாம் அவர்கள் குறிப்பிடவில்லை.